படைப்புக்கு ஒரு பெட்டகம்

மாணவர்களின் மதிப்பெண்களைப் பத்திரப்படுத்த நாட்டில் ஏற்பாடு வந்துவிட்டது. அவர்கள் செய்த வேலையைப் பத்திரப்படுத்த இன்னும் வழியில்லை. டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ அந்தக் குறையைத் தீர்க்கலாம், அதுவும் இன்னொரு ரெக்கார்டு நோட்டாகிவிடாமல் இருந்தால்.

ஏப்ரல் வந்துவிட்டால் இந்தியாவின் கல்லூரி நகரங்களில் ஜெராக்ஸ் கடைகளுக்குத் தூக்கம் கிடையாது. புனேயோ, போபாலோ, விஜயவாடாவோ, எங்கும் ஒரே காட்சிதான். இறுதியாண்டு மாணவர்கள் பென் டிரைவுடன் வரிசையில் நிற்கிறார்கள். கறுப்பு ரெக்ஸின் அட்டை, அதன்மேல் தங்க எழுத்துகள், நான்கு பிரதிகள். மறுநாள் காலையில் துறைத் தலைவரின் கையெழுத்து, பிற்பகலில் வாய்மொழித் தேர்வு. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதன்பின் அந்தப் புராஜெக்ட் புத்தகங்கள் துறையின் பீரோவில் சில வருடங்கள் தூங்குகின்றன. இடம் போதாதபோது பழைய பேப்பர்காரர் வருகிறார்.

அவற்றில் சில நிஜமாகவே நல்ல வேலைகள். இரவு பகலாகச் செய்து, இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை ஜெயித்தவை. வேறு சில, முந்தைய வருட மாணவரின் புராஜெக்டில் பெயரை மட்டும் மாற்றியவை. இன்னும் சில, காசு கொடுத்து வாங்கியவை. பெருநகரங்களில் இறுதியாண்டு புராஜெக்டுகளைச் செய்து தருவது பகிரங்கமாக விளம்பரம் செய்யப்படும் தொழில். மூன்று ரகத்தையும் சேர்த்து ஒரே தராசில் எடைக்குப் போடுகிறது கல்விமுறை. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

இழப்பின் அளவும் சாதாரணமானதல்ல. மத்திய கல்வி அமைச்சகத்தின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-ல் நாட்டில் உயர்கல்வி பயின்றவர்கள் 4.33 கோடிப் பேர். ஐந்தில் ஏறக்குறைய நான்கு பேர் இளநிலைப் பட்ட மாணவர்கள். மூன்று, நான்கு ஆண்டுகளில் அவர்கள் எழுதிய கட்டுரைகள், வரைந்த படங்கள், திரட்டிய தகவல்கள், எழுதிய புரோகிராம்கள் எதுவும் பட்டத்தோடு வெளியே வருவதில்லை. மதிப்பெண் பட்டியல் மட்டும் வருகிறது.

அந்தப் பட்டியலுக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. 2021 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த 'அகாடமிக் பாங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' திட்டத்தில், ஒரு கல்வி நிறுவனத்தில் பெற்ற கிரெடிட்டுகளை வங்கியில் பணம் போடுவதுபோலச் சேமித்து வைத்து, ஏழு ஆண்டுகள் வரை இன்னொரு நிறுவனத்தில் பயன்படுத்தலாம். 2015-ல் வந்த டிஜிலாக்கரில் பட்டச் சான்றிதழே பத்திரமாக இருக்கிறது. மறுமுனையில், முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு காந்திநகரின் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் 'ஷோத்கங்கா' உண்டு. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகளை அங்கே யாரும் படிக்கலாம். ஒரு பக்கம் எண்கள், இன்னொரு பக்கம் ஆய்வேடுகள். நடுவில் இருக்கும் கோடிக்கணக்கான பி.ஏ., பி.எஸ்சி., பி.டெக். மாணவர்களின் உழைப்புக்குத்தான் போக்கிடம் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்ப வந்திருப்பதுதான் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ. ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் தாங்கள் வரைந்ததைத் தட்டையான ஒரு உறையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடிப் போவார்களே, அந்த உறைக்குப் பெயர்தான் போர்ட்ஃபோலியோ. அது இப்போது கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. படம் மட்டுமின்றி ஒலிப்பதிவு, வீடியோ, புரோகிராம், கள ஆய்வுக் குறிப்பு எதையும் அதில் வைக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் கொட்டிவைக்கும் கோணிப்பையாக அது இருக்கக்கூடாது. மாணவர் மூன்று வேலைகள் செய்ய வேண்டும். முதலில் சேர்ப்பது. பிறகு அதிலிருந்து தேர்ந்தெடுப்பது. கடைசியாக, இதை ஏன் இப்படிச் செய்தேன், எங்கே சறுக்கினேன், அடுத்த முறை என்ன செய்வேன் என்று தன் சொந்த வார்த்தைகளில் எழுதுவது. மூன்றாவதுதான் கஷ்டம். போர்ட்ஃபோலியோவின் உயிரும் அதில்தான் இருக்கிறது.

லோட்டா சொன்ன பாடம்

இந்தியாவுக்கு இந்த யோசனை புதிதல்ல. 1958-ல் மத்திய அரசின் அழைப்பின்பேரில் இங்கே சுற்றிப்பார்த்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி ஒரு அறிக்கை கொடுத்தார்கள். இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்களில் மிகச் சிறந்ததாக அவர்கள் அதில் போற்றியது சாதாரண லோட்டாவை. அது எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தூக்கும் கை எவ்வளவு பெரியது, தலையில் வைப்பதா இடுப்பில் வைப்பதா, ஊற்றும்போது எப்படிச் சாயும், உள்ளே எப்படிக் கழுவுவது என்று கேள்விகளாக அடுக்கிக்கொண்டே போனார்கள். ஒரு நல்ல பொருளுக்குப் பின்னால் நூறு கேள்விகள் இருக்கின்றன, அந்தக் கேள்விகளைக் கேட்கக் கற்றுத் தருவதே கல்வி என்பது அறிக்கையின் சாரம்.

அதன் விளைவாக 1961-ல் அகமதாபாத்தில் பிறந்தது தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.). இங்கே மதிப்பீட்டின் மையமாக இருப்பது 'ஜூரி'. மாணவர் தான் செய்த பொருளை மட்டும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போக முடியாது. முதலில் கிறுக்கிய படங்கள், கைவிட்ட மாதிரிகள், சந்தித்த ஆட்கள், மாற்றிக்கொண்ட முடிவுகள் எல்லாவற்றையும் காட்டி ஆசிரியர்கள் முன் வாதாட வேண்டும். கிராமங்களுக்குப் போய் நெசவாளர், குயவர், மூங்கில் தொழிலாளர் ஆகியோரின் தொழிலை மாணவர்கள் ஆவணப்படுத்துவதும் படிப்பில் ஒரு பகுதி.

பின்னால் இந்த மாதிரியான செல்வம் கம்ப்யூட்டருக்கு ஏறியது. 2009-ல் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வழிக் கல்விக்கான தேசிய இயக்கத்தின்கீழ், மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளியும் (இது 1969-ல் தொடங்கப்பட்டது) என்.ஐ.டி.யின் பெங்களூர் வளாகமும் குவாஹாட்டி ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புத் துறையும் சேர்ந்து 'டி-சோர்ஸ்' என்ற இணையக் களஞ்சியத்தை உருவாக்கின. நாட்டின் பல மூலைகளிலுள்ள கைவினைகள் படங்களும் குறிப்புகளுமாக அங்கே பதிவாகியிருக்கின்றன.

கம்ப்யூட்டர் மாணவர்களோ யாரும் சொல்லாமலே இதைச் செய்கிறார்கள். 2008-ல் தொடங்கப்பட்ட கிட்ஹப் தளத்தில் புரோகிராமை ஏற்றினால், எந்தத் தேதியில் எந்த வரியை மாற்றினார்கள் என்பதுவரை பதிவாகிறது. வேலை தேடும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்த முகவரியையும் தருவது சகஜமாகிவிட்டது. ஓவியர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் 2005 முதல் பிஹான்ஸ் இருக்கிறது.

மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் மற்ற மாணவர்கள்தான். தாவரவியல் மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். செடிகளைப் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி ஹெர்பேரியம் தயாரிப்பது பரம்பரையாக வரும் பயிற்சி. தேர்வு முடிந்ததும் அது குப்பைக்குப் போகிறது. அதே செடியைப் பறித்த இடம், பூத்த தேதி, உள்ளூர்ப் பெயர், படம் ஆகியவற்றோடு அவர் டிஜிட்டலாகப் பதிந்து வைத்தால்? நாடு முழுவதும் ஆர்வலர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இந்திய பல்லுயிர் வலைவாசல் 2008 முதல் இருக்கிறது. மாணவரின் பயிற்சி, விஞ்ஞானிக்குப் பயன்படும் தகவலாகிவிடுகிறது. தான் செய்வது நிஜமாகவே யாருக்கோ தேவை என்று தெரிந்த மாணவர், பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவதற்குக் காரணம் குறைந்துபோகிறது.

வரலாறு படிப்பவருக்குத் தன் ஊர்ச் சந்தையின் கதை, பொருளாதாரம் படிப்பவருக்குத் தெருவோர வியாபாரியின் கணக்கு, மொழி படிப்பவருக்குப் பாட்டியின் சொற்கள். படைப்பாற்றல் என்றால் கவிதையும் ஓவியமும்தான் என்று நினைப்பவர்கள் மறந்துவிடும் இடங்கள் இவை. யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டு, கைக்கெட்டிய பொருளை வைத்து விடை தேடுவதும் படைப்புதான்.

புனேயில் நடந்தது

ஆனால் வேலையை உலகத்தின் முன் வைத்துவிட்டால் மட்டும் படைப்பாற்றல் பொங்கிவிடுமா? பொங்காது என்பதற்குச் சாட்சி புனே. 2011-ல் விக்கிமீடியா அறக்கட்டளை அந்நகரின் சில கல்லூரிகளோடு சேர்ந்து ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. மாணவர்கள் தங்கள் அசைன்மென்ட்டை ஆங்கில விக்கிபீடியா கட்டுரையாக எழுத வேண்டும். நல்ல எண்ணம்தான். ஒரே ஒரு ஆசிரியர் புரட்டிவிட்டு மூலையில் போடும் பக்கங்களை இனி உலகமே படிக்கும்.

நடந்ததோ வேறு. ஏராளமான மாணவர்கள் புத்தகங்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் பத்தி பத்தியாக எடுத்து ஒட்டினார்கள். பதிப்புரிமையை மீறிய பக்கங்களைத் தேடிப் பிடித்து நீக்குவதில் விக்கிபீடியாவின் தன்னார்வலர்கள் திணறிப்போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சோதனை நிறுத்தப்பட்டது.

மாணவர்களை மட்டும் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. பாடப்புத்தகத்தில் இருப்பதை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்றுதான் ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரே நாளில் அதைக் குற்றம் என்றால் எப்படிப் புரியும்? முதல் வரைவை யாராவது உட்கார்ந்து பார்த்து, இது உன் வாக்கியம் இல்லையே என்று கேட்டிருந்தால் பாதித் தவறுகள் வெளியே வந்திருக்காது. மேடை மட்டும் போதாது, ஒத்திகை பார்க்க ஒரு ஆளும் வேண்டும்.

பின்னால் பெங்களூரின் கிறைஸ்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த முயற்சி கொஞ்சம் வித்தியாசமானது. தமிழ், இந்தி, கன்னடம், சமஸ்கிருதம் போன்றவற்றை இரண்டாம் மொழியாக எடுத்த இளநிலை மாணவர்கள் அந்தந்த மொழி விக்கிபீடியாவுக்குக் கட்டுரைகள் தயாரித்தார்கள். தாய்மொழியில் எழுதுவதில் ஒரு அனுகூலம் உண்டு. ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே ஒட்ட முடியாது. படித்துப் புரிந்துகொண்டால்தான் ஒரு வாக்கியமாவது எழுத முடியும்.

நகல் பிரச்சினைக்கு அரசு கண்ட மருந்து எண்ணிக்கைதான். ஆய்வேடுகளுக்காக யுஜிசி 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி பத்து சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. அதற்குமேல் போனால் படிப்படியாகக் கடுமை கூடும். கம்ப்யூட்டர் ஒரு சதவீதத்தைச் சொல்கிறது, மாணவர் சொற்களை முன்பின்னாக மாற்றி அதற்குள் வந்துவிடுகிறார். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அந்தச் சிரமமும் போய்விட்டது. கேட்ட மாத்திரத்தில் புதுக் கட்டுரை. ஆகவே முடிந்த பொருளை மட்டும் பார்த்து அதைச் செய்தவரைத் தெரிந்துகொள்ளும் காலம் மலையேறிவிட்டது. வாராவாரம் எடுத்த குறிப்பு, கள ஆய்வில் எடுத்த படம், அடித்துத் திருத்திய வரைவு, ஆசிரியர் கேட்ட கேள்வி, அதற்கு மாணவர் சொன்ன பதில் ஆகிய இந்தத் தடயங்களை ஜோடிப்பது கஷ்டம். போர்ட்ஃபோலியோவுக்கு இன்று புது மவுசு வந்திருப்பதற்கு இதுவும் காரணம்.

யார் படிப்பது?

கொள்கையில் எதிர்ப்பு இல்லை. 2020 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஏற்ற தேசியக் கல்விக் கொள்கை, ஒரே பெரிய தேர்வில் எல்லாவற்றையும் தீர்மானிப்பதை விட்டுத் தொடர்ச்சியான மதிப்பீட்டுக்கு உயர்கல்வி மாற வேண்டும் என்கிறது. பள்ளி மாணவரின் முன்னேற்ற அட்டையில் போர்ட்ஃபோலியோவும் இடம்பெற வேண்டும் என்றே அதில் எழுதியிருக்கிறது.

நடைமுறைதான் இடிக்கிறது. அறுபது பேர் உள்ள ஒரு வகுப்பு. ஒரு மாணவரின் போர்ட்ஃபோலியோவை இருபது நிமிடம் பார்த்துக் கருத்து எழுதினால் ஒரு சுற்றுக்கு இருபது மணி நேரம். அந்த ஆசிரியருக்கு அப்படி மூன்று வகுப்புகள் இருந்தால் அறுபது மணி நேரம். நிரந்தர இடங்கள் காலியாகக் கிடக்க, மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓடும் கல்லூரியில் இதற்கு யார் நேரம் கொடுப்பது, யார் கூலி கொடுப்பது?

இன்னொரு முட்டுக்கட்டை, இணைப்புக் கல்லூரி முறை. பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தினுடையது. வினாத்தாளும் அங்கிருந்துதான் வருகிறது. விடைத்தாளைத் திருத்துவது முகம் தெரியாத ஒருவர். கூடவே இருந்து மாணவரைப் பார்த்த ஆசிரியரின் கையில் இருப்பது பல இடங்களில் இருபத்தைந்து, முப்பது உள்மதிப்பெண். போர்ட்ஃபோலியோவுக்கு அதில் ஐந்து மதிப்பெண் ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டாம். ரெக்கார்டு நோட்டுக்கு நேர்ந்த கதிதான் அதற்கும். சீனியரின் கோப்பு ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றும், எல்லோரும் பெயரை மாற்றி ஏற்றுவார்கள், ஆசிரியர் திறந்து பார்க்காமலே ஐந்துக்கு நான்கரை போடுவார்.

இதைத் தடுக்க வழியில்லாமல் இல்லை. எல்லாப் பாடத்துக்கும் போர்ட்ஃபோலியோ என்று கிளம்பாமல், செமஸ்டருக்கு ஒரே ஒரு பாடத்தில் தொடங்கலாம். அந்தப் பாடத்தின் எழுத்துத் தேர்வைக் குறைத்து, போர்ட்ஃபோலியோவுக்குப் பாதி மதிப்பெண்ணாவது தரலாம். மாணவர்களை ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒருவர் வரைவை மற்றவர் படித்துக் கேள்வி கேட்கச் செய்தால் ஆசிரியரின் சுமை குறையும். கடைசியில் அகமதாபாத் பாணியில் ஆளுக்குப் பத்து நிமிட ஜூரி. தான் செய்யாத வேலையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவது யாருக்கும் சிரமம்தான். இதற்கு ஆகும் ஆசிரியரின் நேரத்தை வகுப்பெடுக்கும் நேரமாகவே கணக்கில் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் மற்றதெல்லாம் சுற்றறிக்கையோடு நின்றுவிடும்.

ஏழை மாணவருக்கு எட்டுமா?

போர்ட்ஃபோலியோ என்றாலே பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் சமாச்சாரம் என்ற சந்தேகம் நியாயமானது. டெல்லியிலும் மும்பையிலும் வடிவமைப்புக் கல்லூரிகளில் சேர விரும்புவோருக்குப் போர்ட்ஃபோலியோ தயாரித்துத் தரும் பயிற்சி மையங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு இயங்குகின்றன. நல்ல கேமரா, லேப்டாப், சரளமான ஆங்கிலம் இருந்தால் சாதாரண வேலையும் பளபளக்கும். இவை இல்லாதவரின் நல்ல வேலை மங்கிப்போகும்.

ஆனால் அமெரிக்காவில் இதைப் பிரபலப்படுத்தியவற்றில் ஒன்று, நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியிலுள்ள லாகார்டியா சமுதாயக் கல்லூரி. அங்கே படிப்பவர்கள் பெரும்பாலும் புலம்பெயர்ந்த, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள். அக்கல்லூரி இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே மின்-போர்ட்ஃபோலியோவைக் கையில் எடுத்தது. மாணவர்களுக்கு அதிகப் பலன் தரும் கல்வி முறைகள் என்று அந்நாட்டின் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் சங்கம் தொகுத்திருந்த பத்தோடு, பதினொன்றாக 2016-ல் மின்-போர்ட்ஃபோலியோவும் சேர்ந்தது. மதிப்பெண் பட்டியலில் சொல்ல முடியாததை, பெரிய இடத்துச் சிபாரிசு இல்லாத மாணவர் சொல்ல அது ஒரு வாய்.

இந்தியாவில் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. மாணவரின் மொபைல் போனிலேயே எல்லாம் முடிய வேண்டும். அலங்காரத்துக்கு மதிப்பெண் கூடாது. எழுதத் தயங்குபவர் பேசிப் பதிவு செய்யலாம் என்றிருக்க வேண்டும். மொழி அவரவர் மொழியாக இருக்கலாம். ஆங்கில வழியில் படித்தாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத மாணவர்களை அனுமதிக்கும்படி 2023 ஏப்ரலில் யுஜிசியே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. தேர்வுக்குச் சரி என்றால் போர்ட்ஃபோலியோவுக்கு ஏன் கூடாது?

சாவி யாரிடம்?

கடைசியாக ஒரு கேள்வி. இந்தப் பெட்டகத்தின் சாவி யாரிடம் இருக்கும்? தனியார் தளங்களை நம்பியவர்களின் கதை நல்லபடியாக முடிந்ததில்லை. கோடிக்கணக்கானோர் சொந்தப் பக்கங்கள் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடப்பட்டது. இந்திய இளைஞர்கள் கூடிக் குலாவிய ஆர்குட் 2014-ல் போனது. கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாத இலவச இடம் தந்துவந்த கூகுள், 2022-ல் அதற்கு வரம்பு கட்டியது. பல கல்லூரிகளில் மாணவர் படிப்பை முடித்ததும் அவருடைய மின்னஞ்சல் முகவரி ரத்தாகிறது. அதோடு சேர்த்து அவர் வைத்திருந்த கோப்புகளும் போகின்றன. பழைய பேப்பர்காரருக்குப் பதில் ஒரு பட்டன், அவ்வளவுதான்.

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாகப் படைத்தவரே படைப்பின் முதல் உரிமையாளர். பதினெட்டு வயதில் எழுதிய அரைகுறைக் கருத்து முப்பது வயதில் வேலைக்கு வேட்டு வைக்கக் கூடாது என்றால், எதை யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் மாணவரிடமே இருக்க வேண்டும். தனிநபர் தகவல்களைப் பாதுகாக்க 2023-ல் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. கல்லூரிகள் அதன் பொருளை மாணவர்களின் படைப்புகளுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

கிரெடிட்டுகளுக்கு வங்கி கட்டிய அரசுக்கு இது முடியாத காரியமல்ல. டிஜிலாக்கரில் சான்றிதழுக்குப் பக்கத்தில், அந்தச் சான்றிதழைப் பெற்றுத் தந்த நான்கைந்து வேலைகளுக்கும் ஒரு அறை ஒதுக்கலாம். படிப்பு முடிந்தாலும் கூடவே வரும்; மாணவர் விரும்பினால் மட்டும் திறக்கும். ஆனால் எவ்வளவு பெரிய பெட்டகம் கட்டினாலும், உள்ளே வைக்க ஏதாவது இருக்க வேண்டும். அது வகுப்பறையில்தான் உருவாகும். ஒரு மாணவரின் தோற்றுப்போன முதல் வரைவை ஒரு ஆசிரியர் முழுதாகப் படித்து, இதில் உனக்கென்று ஒரு கேள்வி இருக்கிறது, அதை விடாதே என்று சொல்லும் நாளில் அந்தப் பெட்டகத்துக்கு முதல் வரவு விழும். அதுவரை ஏப்ரல் மாதங்களில் ஜெராக்ஸ் கடைகளுக்குத் தூக்கம் இருக்காது.